வென்றவரை யார் நினைக்கிறார்கள்?

பியானோ போட்டிகளில் பெரியது எது என்று கேட்டால், பலரும் வார்சாவில் நடக்கும் ஷொப்பேன் போட்டியைச் சொல்வார்கள். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், எனக்கு அவர் ஷொப்பேன்தான்.) 1927-இல் தொடங்கியது. போரால் நின்று, 1949-இல் மீண்டும் நடந்தது. ஷொப்பேன் இயற்றியதைத் தவிர வேறெதையும் அங்கே வாசிக்க முடியாது.

அந்தப் போட்டியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் 1980-ஆம் ஆண்டுக் கதை வந்துவிடும். யூகோஸ்லாவியாவின் இவோ பொகொரெலிச்சை நடுவர்கள் இறுதிச் சுற்றுக்கு அனுப்பவில்லை. 1965-இல் அங்கே முதல் பரிசு வாங்கிய மார்த்தா அர்கெரிச் அப்போது நடுவர். அவர் மேதை என்று சொல்லி, குழுவிலிருந்தே விலகிக்கொண்டார். ஒரே நாளில் பொகொரெலிச் உலகப் புகழ் பெற்றார்.

சரி, அந்த ஆண்டு வென்றது யார்? கேட்டால் பலர் விழிக்கிறார்கள்.

வென்றவர் ஹனோய் நகரத்து தாங் தாய் சோன். வயது 22. அந்தப் போட்டியில் முதல் பரிசு பெற்ற முதல் ஆசியர். அமெரிக்கக் குண்டுவீச்சுக்காக ஹனோய் இசைப்பள்ளி கிராமத்துக்கு இடம்பெயர்ந்த நாட்களில் பியானோ பழகியவர். தாயார்தான் முதல் ஆசிரியை. 1970-இல் அந்த அம்மாள் வார்சா போய் வந்தபோது கொண்டுவந்த ஷொப்பேன் இசைத்தாள்களையும் இசைத்தட்டுகளையும் வைத்துத்தான் மகன் கற்றார். முதல் பரிசோடு மசுர்கா, பொலொனேஸ், கான்செர்ட்டோ ஆகியவற்றுக்கான தனிப் பரிசுகளும் அவருக்கே.

அர்கெரிச் அம்மையாரை நான் குறை சொல்லவில்லை. மனசாட்சிப்படி நடந்தார். ஆனால் குமாஸ்தா வேலை பார்த்தவன் கண்ணுக்கு ஒன்று தெரிகிறது. பொகொரெலிச்சை நிறுத்தியது சரியா என்பது ஒரு கோப்பு. சோன் பரிசுக்குத் தகுதியானவரா என்பது வேறு கோப்பு. உலகம் இரண்டையும் ஒரே நாடாவில் கட்டி அலமாரியில் போட்டுவிட்டது. வென்றவர் பாரீஸ்காரராக இருந்திருந்தால் இப்படி மறந்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். சைகோனில் வாழ்ந்து திரும்பிய குடும்பங்கள் நம் புதுச்சேரியில் எத்தனை! நாமாவது அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

அநீதி நடந்தால் உரக்கப் பேசத்தான் வேண்டும். அதற்காக, தப்பே செய்யாத இன்னொருவரின் உழைப்பை அடித்துவிடக் கூடாது.

சோன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. கனடாவில் குடியேறினார், வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். 2021-இல் முதல் பரிசு பெற்ற புரூஸ் லியூ அவருடைய மாணவர். 2025-இல் வென்ற எரிக் லூவும் அவரிடம் படித்தவர்தான்.