பொழுதுபோக்கா, தொழிலா?

போன வருஷம், அதாவது 2025 கோடையில், எனக்கு ஏற்பட்ட அனுபவத்தை இந்தத் தடவை சொல்கிறேன். வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்கும் பெண்களுக்கு உபயோகப்படும்.

இருபது வருஷமாக ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். ஆரி வேலையும் உண்டு. ஓவர்லாக் மிஷின் ஒன்று வாங்கலாம் என்று வங்கிக்குக் கடன் கேட்டுப் போனேன். "வருமானத்துக்கு ஆதாரம் என்னம்மா?" என்றார் அங்கிருந்தவர். நான் விழித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர், "அது உன் பொழுதுபோக்குதானே! அதுக்கு என்ன ஆதாரம்?" என்று சிரித்துவிட்டுப் பேப்பரை விரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

எதிர் வீட்டு அக்காவின் மகள் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போய்க் கேட்டேன்.

"எப்பவோ ஒரு தடவை ஆசைக்குத் தைச்சு, யாராவது காசு கொடுத்தா அது இதர வருமானம், அத்தை. நீங்க வாராவாரம் கூலி பேசித் தைக்கிறீங்க. வீட்டுக்குள்ளே உட்கார்ந்து செஞ்சாலும் சட்டப்படி அது தொழில்தான்" என்றாள்.

நல்ல வேளை, எனக்குக் கணக்கு நோட்டு எழுதும் பழக்கம் உண்டு. 2024-25-ல் கைக்கு வந்தது 1,80,000 ரூபாய். அதில் ரொக்கம் 60,000. மீதி 1,20,000 போன் மூலமாக வங்கிக்கு வந்தது. லைனிங் துணி, நூல், மணி, கரண்ட், கை உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் எல்லாம் போக நின்றது 1,10,000.

சிறு தொழிலுக்கு உத்தேசக் கணக்கு என்று ஒரு வழி இருக்கிறதாம். ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம். குறைந்தபட்சம் அவ்வளவை லாபமாகக் காட்ட வேண்டும். அந்தப் படிவத்துக்கு 'சுகம்' என்று பெயர்! என் கணக்குக்கு 4,800-ம் 7,200-ம் சேர்த்து 12,000.

"ஆனா நிஜ லாபம் அதிகம்னா அதையே காட்டணும் அத்தை" என்றாள்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கண் எரிய எரியத் தைத்த ஒரு வருஷத்துக்கு வெறும் பன்னிரண்டாயிரமா? மனசு கேட்கவில்லை. 1,10,000 என்றே எழுதச் சொன்னேன். புதிய வரி முறையில் அந்த ஆண்டு 3 லட்சம் வரை வரியே கிடையாது. ஆக, ஒரு பைசா கட்டவில்லை. கையில் ஆதாரம் மட்டும் வந்தது.

அவள் சொன்ன இன்னும் இரண்டு விஷயங்கள்: கணவர் வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது நம் வருமானம் ஆகாது. அவர் கொடுத்த பணத்தை நம் பெயரில் டெபாசிட் போட்டால், வட்டி அவர் கணக்கில்தான் சேரும். நாம் சம்பாதித்ததைப் போட்டால் அந்த வட்டி நம்முடையது. அதனால் தையல் பணத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரவையும் செலவையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். வரி வரம்புகள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். வருஷா வருஷம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் இரண்டு வருஷக் கணக்கு கேட்கிறார்கள். மிஷின் இன்னும் வரவில்லை; அடுத்த கணக்கும் தாக்கலானதும் மறுபடி போவேன்.

ஆனால் ஒன்று. எந்தப் படிவத்திலும் தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ் வொய்ஃப்' என்றே எழுதி வந்தவள் நான். அன்று முதல் தடவையாகத் 'தையல்' என்று எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்த இவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்குப் போய்விட்டு வந்தவர், லைனிங் துணிக்குப் பில் போட்டு வாங்கி வந்து என் நோட்டுக்குள் வைத்தார்!