மான்மீது வந்த கொற்றவை

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை கார் ஆலைகள் நிற்கும் இந்த நிலப்பரப்புக்கு வேட்டை மிகப் பழைய உறவு. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்த பல்லாவரம் இங்கிருந்து தொலைவில்லை. அந்த ஆதி வேட்டுவரின் வழிபாடு மண்ணோடு போயிற்று. பின்வந்தவர்களின் வழிபாட்டைச் சிலப்பதிகாரம் காத்து வைத்திருக்கிறது. அதன் வேட்டுவ வரியில் எயினர் என்னும் வேட்டுவர் தம் குடிப்பிறந்த குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகிறார்கள்; பன்றிக்கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல் தாலி பூட்டி, கையில் வில்லைக் கொடுத்து, முறுக்குக் கொம்புள்ள கலைமான்மேல் ஏற்றுகிறார்கள். எந்த மான் வில்லுக்கு இரையோ, அதுவே வில்லேந்திய தெய்வத்துக்கு ஊர்தி. அவர்கள் அருளாளர்கள் அல்லர்; வழிப்பறியும் ஆநிரை கவர்தலும் அவர்கள் தொழில். ஆயினும் பெற்ற வெற்றிக்குத் தம் மிடற்றுக் குருதியையே கடனாகச் செலுத்தினார்கள். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் பல்லவச் சிற்பியும் கொற்றவையருகே சிங்கத்தோடு அந்த மானையும் மறவாமல் வைத்தான்.

அதே மாமல்லபுரக் கடற்கரையில் மாசிமகத்தன்று வேட்டைக்குடியான இருளர்கள் இன்றும் கூடி, மணலில் கன்னியம்மனுக்குப் படைக்கிறார்கள். அங்கேயே பிள்ளைகளுக்கு மணமும் முடிக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த தடைகளும் அவர்களுடைய வேட்டையையும் பாம்புத்தோல் தொழிலையும் நிறுத்தின. அந்தச் சட்டம் தேவையானது என்றே நம்புகிறேன்; அதன் சுமை ஏழை வேட்டுவர்மேல் விழுந்ததும் மெய். 1978இல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, மருந்துக்குத் தருகிறது. அக்குடியின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வேட்டை போன பின்னும் கன்னியம்மன் போகவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குள்ளும் ஒரு வழிபாடு உண்டு. நவராத்திரி முடிவில் இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் இட்டுப் பொரிகடலை படைக்கிறோம். எயினர் வில்லுக்குத் தந்த மரியாதையின் தொடர்ச்சியாகவே அதை நான் காண்கிறேன். ஆனால் அவர்கள் வில்லோடு நிற்கவில்லை, மானையும் தெய்வத்தின் பக்கத்தில் சேர்த்தார்கள். நாமோ கருவியை மட்டும் வணங்கிவிட்டுக் கலைகிறோம். அந்தக் கருவிக்கு இடங்கொடுத்த வயலும் மேய்ச்சல் தரையும் புதர்க்காடும் நம் படையலில் இல்லை. 2006இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. மான் கூட்டம் தேடிச் செல்லும் வேட்டுவனைப்போல் முதலீடும் இடம் மாறும். மண் இங்கேயே இருக்கும், நம் பிள்ளைகளும் இருப்பார்கள். வரும் ஆயுத பூஜையில் ஒரு பிடிப் பொரியை ஏரிக்கரையிலும் வைக்கச் சொல்லி அவர்களிடம் கேட்கலாம். எதற்கு என்று கேட்டால் எயினர் கதையைச் சொல்லலாம்.