பதவிக்கு விலை

கார்டிகன் பிரபுவின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. 1854 அக்டோபர் 25 அன்று, கிரிமியாவின் பாலக்ளாவாவில், ருசியப் பீரங்கிகளை நோக்கித் தம் படைக்கு முன்னால் குதிரையைச் செலுத்தியவர் அவர்தாம். ஆனால் அந்த முன்னிடத்திற்கு அவர் வந்த வழி யாது?

பணம்! அந்நாளில் பிரிட்டிஷ் குதிரைப்படையில் பதவிகள் விற்கப்பட்டன. லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு அரசு விதித்த விலை 6,175 பவுன். கைநாட்டு வைக்கும் தந்தைக்கு மகனாகப் பிறந்து, மதிப்பெண்ணைக் காட்டி இக்கல்லூரியில் நுழைந்த எனக்கு இந்த விலை உறுத்துகிறது. 1824இல் படையில் சேர்ந்த கார்டிகன் 1832இல் ஒரு ரெஜிமென்டுக்கே தலைவரானார். 35,000 பவுன் கொடுத்தார் என்று ஊர் பேசிற்று. 1834இல் அப்பதவி பறிக்கப்பட்டது. 1836இல் வேறொரு ரெஜிமென்ட் கிடைத்துவிட்டது! அங்கே, இந்தியாவில் பல்லாண்டு பணியாற்றி அனுபவம் பெற்ற அதிகாரிகளை அவர் இளக்காரமாகவே நடத்தினார்.

சொத்துள்ளவன் கலகம் செய்யமாட்டான் என்பது இம்முறையை ஆதரித்தோரின் வாதம். இருக்கலாம். ஆனால் போர் நடத்தத் தெரிய வேண்டாமா? கார்டிகனுக்கு மேலிருந்த லூக்கன் பிரபுவும் பதவியை விலைக்கு வாங்கியவரே. இருவரும் மைத்துனர்கள், ஒருவரையொருவர் வெறுத்தவர்கள். தெளிவற்ற ஆணை ஒன்று வந்தபோது, அதன் பொருளை நின்று கலந்து பேச இவர்களுக்கு மனம் வரவில்லை. தவறான பள்ளத்தாக்கில் பாய்ந்த ஏறத்தாழ 670 பேரில் சுமார் 110 பேர் மாண்டனர்.

கார்டிகன் பிழைத்தார், துறைமுகத்தில் நின்ற தம் சொந்தப் படகுக்குத் திரும்பினார். மறு ஆண்டே குதிரைப்படையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆக்கப்பட்டார். பதவி விற்பனையோ 1871இல்தான் ஒழிக்கப்பட்டது.