கால்விரலைப் படுத்தும் 'சில்பிளெய்ன்'... பெயர் வந்தது எப்படி?

இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் சிலருக்குக் கால்விரல்கள் சிவந்து, வீங்கி, தாங்க முடியாமல் அரிக்கும். இதன் பெயர் 'சில்பிளெய்ன்'. 'சில்' என்றால் குளிர். (நம் 'சில்லுனு' என்பதோடு உறவு கிடையாது, ஒலி மட்டும்தான் ஒன்று!) சரி, அதென்ன 'பிளெய்ன்'?

பழைய ஆங்கிலத்தில் கொப்புளத்துக்கும் புண்ணுக்கும் இருந்த சொல் அது. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், எகிப்தியர்களுக்கு வந்த கொப்புளங்களைச் சொல்லும் இடத்தில் தனியாகவே வரும். இன்று தனியாகச் சொன்னால் ஆங்கிலேயர்களே முழிப்பார்கள். 'சில்'லை ஒட்டிக்கொண்டதால் பிழைத்துக் கிடக்கிறது.

1847-ல் வெளியான 'ஜேன் அயர்' நாவலில், கையுறையும் பூட்ஸும் இல்லாத விடுதிப் பள்ளிச் சிறுமிகளைப் படுத்துவதும் இதுதான். 2020-ல் 'கோவிட் கால்விரல்' செய்திகளில் இந்தச் சொல் மறுபடி அடிபட்டது.

பெயரில் குளிர் இருந்தாலும் பாதி வில்லன் சூடுதான். குளிரில் சுருங்கிய சிறு ரத்தக்குழாய்கள், திடீர்ச் சூட்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் கசிந்து வீங்குகின்றன. அதனால் விறைத்த காலை நெருப்பிலோ வெந்நீரிலோ காட்டக் கூடாது. கம்பளி சாக்ஸ் போட்டு மெல்லத்தான் சூடேற்ற வேண்டும். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் தானாக ஆறிவிடும். சீழ் வைத்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ உடனே டாக்டரைப் பார்ப்பது நல்லது.