பத்துப் பேர் உட்கார்ந்து பேசட்டும்!

காலாண்டு பரீட்சை முடிந்து கணக்குத் தாள் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு 28 மதிப்பெண். தேறுவதற்கு 35 வேண்டும். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறான். எவ்வளவு என்று பக்கத்துப் பையன் கேட்டால் சிரித்து மழுப்புகிறான். அந்தப் பையனின் பையிலும் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. அது இவனுக்குத் தெரியாது.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. "எனக்கு மட்டும் படிப்பு வராது" என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், பிறகு புத்தகத்தைத் திறக்கவே மனம் வராது.

இப்படிப்பட்ட பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துப் பேச விடுவதுதான் கூட்டு ஆலோசனை. எட்டு அல்லது பத்துப் பேர் போதும். வாரம் ஒரு பாடவேளை. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் கூட இருப்பார். அவர் உபதேசம் செய்யக்கூடாது. (உபதேசம் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது!) அங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பது முதல் விதி.

தேறாதவர்களை மட்டும் சேர்த்தால் "மக்குக் கூட்டம்" என்று பெயர் விழும். முன்பு தவறிப் பிறகு தேறியவர்களும் அதில் இருக்க வேண்டும். அவர்கள் சொல்வது சக மாணவன் மனதில் ஏறும்.

"கணக்கு வராது" என்கிறான் ஒருவன். எந்தக் கணக்கு என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். பார்த்தால், வரைபடம் நன்றாக வருகிறது, காரணிப்படுத்துவதில்தான் தடுமாற்றம்! மலைபோல் நின்றது கையளவு ஆகிவிடுகிறது. "தினம் இரண்டு கணக்கு போடுகிறேன்" என்று சொல்லிப் போகிறான். மறு வாரம் வந்து, போட்டானா இல்லையா என்று சொல்ல வேண்டும். போடவில்லையென்றால் திட்டு கிடையாது. ஏன் முடியவில்லை? வீட்டில் சத்தமா? தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததா? பயமா? காரணம் வெளியே வந்தால் வழியும் வரும்.

ஒரு பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால் மட்டும் அதைக் கூட்டத்தோடு விட்டுவிடக்கூடாது. உடனே பெற்றோருக்குச் சொல்லி, டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும். கட்டணம் கிடையாது.

பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் 2017–ம் ஆண்டு நிறுத்தப்பட்டது. நல்ல காரியம். ஆனால் வீட்டில் அந்தப் பட்டியல் நின்றபாடில்லை. "எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்!" என்ற ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு வாரம் பேசித் தேற்றியதை ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

இதற்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். பல பள்ளிகளில் நீதிபோதனை என்று ஒரு பாடவேளை உண்டு. அதைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வது பிள்ளைகள் அறிந்த ரகசியம்! அந்த ஒரு மணியைத் திருப்பித் தந்தால் போதும். மே மாதம் முடிவு வந்த பிறகு ஆறுதல் சொல்வதைவிட, காலாண்டுத் தாள் கொடுக்கும் வாரமே தொடங்கிவிடலாம். அக்டோபரில் தொடங்கினால் மார்ச் மாதத் தேர்வுக்கு முன் இருபது வாரம் இருக்கிறது.