பால் கணக்கு அவரிடமே இருக்கட்டும்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்க, ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக உறவுகள் வருவார்கள். அவரை எதிரே வைத்துக்கொண்டே மனைவியிடம், ‘இப்ப பேசறாரா? சாப்பிடறாரா?’ என்று கேட்பார்கள். அவருக்குக் காது கேட்கும் என்பதே மறந்துபோகும்.

மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டால் வலது கை, கால் பலவீனமாகும். பலருக்குப் பேச்சும் தடைபடும். சொல் வாயில் வராதே தவிர, நாம் பேசுவது அவர்களில் பலருக்கு நன்றாகவே புரியும். ‘காபியா, டீயா?’ என்று சுருக்கமாகக் கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்திருங்கள்.

சிலர் சீரியலில் சாதாரணக் காட்சிக்கே தேம்பி அழுவார்கள். சிலர் துக்கச் செய்தி கேட்டுச் சிரித்துவிடுவார்கள். கூட இருப்பவருக்குச் சங்கடமாகிவிடும். உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பாதைகள் அடிபட்டதால் வருவது இது. மனதுக்குள் அந்த அளவு துக்கமோ சிரிப்போ இருக்காது. இதற்கு மருந்து உண்டு.

மனச்சோர்வு வேறு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. பிசியோதெரபி வேண்டாமென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால், பிடிவாதம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பி.பி. மாத்திரை பற்றி விலாவாரியாகப் பேசும் நாம், ‘ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுகிறார்’ என்பதை மட்டும் சொல்லாமல் வந்துவிடுகிறோம்.

குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, மாத்திரை கொடுத்தே மனைவி மெல்ல மெல்ல நர்ஸ் ஆகிவிடுகிறார். கணவரோ, தான் யாருக்கும் பாரம் என்ற நினைப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார். ஒரு பொறுப்பையாவது அவரிடம் திருப்பிக் கொடுங்கள். பால் கணக்கை இடது கையால் எழுதட்டும். கோணலாகத்தான் வரும், இருக்கட்டும். படுத்தது மனைவி என்றால், சமையலறையில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, ரசத்துக்குப் புளி போதுமா என்று கணவர் கேட்டுக் கேட்டுச் செய்யலாம். (அடுப்படியிலிருந்து விடுதலை கிடைத்ததே என்று அவர் நினைத்தால், அதையும் மதியுங்கள்!)

பார்த்துக்கொள்கிறவருக்கும் கோபம் வரும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதைவிட, ‘இன்னிக்கு எனக்கு முடியலைங்க’ என்று அவரிடமே சொல்லலாம். ஆறுதலாக உங்கள் தலையைத் தடவிக்கொடுக்க அவருக்கு ஒரு கை இருக்கிறதே. வாரத்தில் ஒரு மாலை மகனோ நாத்தனாரோ வந்து உடனிருக்கட்டும்; நீங்கள் கோயில், கடை என்று போய் வாருங்கள்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுக் கேட்காதது. தாம்பத்தியம் மறுபடி பக்கவாதத்தை வரவழைத்துவிடுமோ என்று பயந்து தனித்தனியே படுப்பவர்கள் உண்டு. உடல்நிலை சீரான பிறகு பெரும்பாலானவர்களுக்கு அதில் தடையில்லை. இருவருமாகப் போய் டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை, தள்ளிப் போட்ட கட்டிலையாவது பக்கத்தில் இழுத்துப் போடுங்கள், அவருக்குத் தொடுஉணர்வு நன்றாக இருக்கும் கைப்பக்கமாக.