கிரைண்டர் தூசும் நம் வடிகானும்



2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வேன்களையும் முச்சக்கரவண்டிகளையும் தகரம் தட்டி, பெயின்ட் அடித்தே ஓட்டிவருகிறோம். 2025இல் தடை நீங்கியும் புது வாகனம் எட்டாத விலைதான். ஆகவே கண்டி மஹய்யாவ பக்கத்து கராஜ்களுக்கு வேலை குறையவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, பழைய பெயின்டையும் துருவையும் சுரண்டும் முறையில்தான். திறந்த வீதியோரத்தில் கிரைண்டர் ஓடுகிறது. அதைப் பிடித்து வேலை செய்யும் பையனின் முகத்தில் கைக்குட்டை மட்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்த நுண்தூசைக் கைக்குட்டை தடுக்காது. வேலை உடுப்போடு அது வீட்டுக் குழந்தைகளிடமும் போய்ச் சேரும். இத்தகைய தூசின் ஆபத்து புதிதாகத் தெரிந்ததல்ல: மணல் வீசித் துருவெடுப்பது நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், உலோக வார்ப்புகளை அப்படித் துப்புரவாக்குவதை பிரித்தானியா 1949இலேயே தடைசெய்தது.

நனைத்த அரத்தாளால் தேய்த்தால் தூசு அவ்வளவாகப் பறக்காது. ஆனால் அந்தச் சேற்றுநீரை வடிகானில் ஊற்றினால் கடைசியில் மகாவலி கங்கைக்கே போகும். தட்டில் சேர்த்து, உலரவைத்து, தனிப் பையில் கட்டிவைக்கலாம்.

வடிகட்டியுள்ள முகக்கவசத்தை முதலாளிமார் வாங்கிக் கொடுக்கட்டும். கண்டி மாநகர சபை இக்கழிவை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகச் சேகரிக்க ஒழுங்கு செய்ய வேண்டும்.

வாசகர் ஒருவர்,
மஹய்யாவ, கண்டி.